மூடி திறந்தால் விளக்கு அணைய வேண்டும்

அன்புள்ள அருள்,

என் கடிதம் என்றால் பாப்பாவுக்கு எத்தனை பல் வந்திருக்கிறது என்று கேட்டுத்தான் தொடங்கும். இன்று அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் ஷீபா உனக்குப் பாதிக் கதையைச் சொல்லியிருப்பாள். மீதிப் பாதி இதில் இருக்கிறது. உனக்கு எதையும் நின்றுகொண்டே படிக்கிற பழக்கம்; இதை மட்டும் உட்கார்ந்து படி. பதினைந்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் ஆராதனை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை. பாப்பாவுக்குச் சளி விடவில்லை, பெங்களூர் தூசி தாங்கவில்லை, அதனால் காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின் ஒன்றை வாங்கி அவள் அறையில் வைத்திருக்கிறோம் என்றாய். உள்ளே கிருமியைக் கொல்கிற புற ஊதா விளக்கு இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாய். அதுவரைக்கும் நானும் உம் கொட்டிக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம்தான் சொன்னாய். “வீடு மாத்தும்போது மூடியோட கொக்கி உடைஞ்சி போச்சும்மா. மூடி சரியா உக்காரல, விளக்கு எரிய மாட்டேன்னுச்சு. உள்ள ஒரு குட்டி சுவிட்ச் இருக்குல்ல, அது மேல டேப்பு ஒட்டிட்டேன். இப்ப நல்லா ஓடுது. நீ அப்ப பிளாஸ்திரி ஒட்டினியே, அதே டெக்னிக்.” நீ நிறுத்தவில்லை. “மூடி இடுக்குல நீலமா ஒரு லைட்டு வருது. பாப்பா அதையே பாத்துக்கிட்டு படுத்திருக்கா. அழுகையே கம்மி ஆயிடுச்சும்மா.”

நான் கத்தினேன். மெஷினை நிறுத்துடா, பிளக்கைப் பிடுங்குடா என்று கத்தினேன். நீ சிரித்தாய். “இன்னாம்மா நீ. அந்தப் பொட்டி இல்லன்னா நான் பொழச்சிருக்கவே மாட்டேன்னு நீதானே எல்லார்கிட்டயும் சொல்வே?” என்றாய். “இன்னைக்கு ஒரு நாள் ஆஃப் பண்ணு. ஏன்னு அப்புறம் சொல்றேன்” என்றேன். “சரிம்மா, சரிம்மா” என்றாய். அந்த “சரிம்மா” எந்த ரகம் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக, வயதான நோயாளிகளிடம் நானும் அதே குரலில்தான் “சரிங்கய்யா, சரிங்கய்யா” என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நீ என் பேச்சைக் கேட்க மாட்டாய். கேட்க உனக்கு ஒரு காரணமும் இல்லை. அந்தப் பெட்டி உன்னைக் காப்பாற்றியது என்று உனக்குச் சொல்லி வளர்த்தவள் நான். அது பொய் அருள். அந்தப் பெட்டி உன்னைக் காப்பாற்றவில்லை. அதை வைத்து உன் மூச்சையும் கண்ணையும் நான்தான் கெடுக்கப் பார்த்தேன்.

நீ ஆறாவது படித்த வருஷம் நினைவிருக்கிறதா? ஆம்பூரில் அப்போது இருந்த வீட்டில் பாலாற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஆலைகளின் நாற்றம் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். வெளியூர் ஆட்கள் மூக்கைப் பொத்துவார்கள், நமக்குப் பழக்கம். ஆனால் உன் நெஞ்சுக்கு அது பழகவில்லை. மழைக்காலம் வந்தால் இழுப்பு ஆரம்பிக்கும். நீ முட்டி மேல் கையை ஊன்றி, தோள்பட்டை ஏற ஏற மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குப் பெற்ற வயிறு எப்படி எரியும் என்பது இப்போது உனக்கே தெரியும். அப்பா வேலை செய்த ஷூ கம்பெனியில், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்குகிற விருந்தினர் அறைக்கு நாற்றம் தெரியாமல் இருக்க ஒரு காற்றுப் பெட்டி வைத்திருந்தார்கள். புதுசு வந்ததும் பழசை அப்பா கேட்டு வாங்கி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு விசிறி, ஒரு வடிகட்டி, ஒரு ஊதா விளக்கு. நான் பார்த்ததும் பூரித்துப் போனேன். எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிற அதே விளக்கு என் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று.

அந்த விளக்கைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். தியேட்டரில் வேலை முடிந்து, தரை துடைத்து, எல்லோரும் வெளியேறிய பிறகுதான் அதைப் போடுவோம். சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கும். வாசலில் சிவப்பு பல்பு எரியும். அணைக்காமல் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. ஒரு முறை ஒரு ஆயாம்மா உள்ளே மறந்து வைத்த வாளியை எடுக்கப் போனவர், அப்படியே நின்று பத்து நிமிஷம் துணி மடித்துவிட்டு வந்துவிட்டார். சாயங்காலம் கண்ணில் மிளகாய்ப் பொடி கொட்டியது போலத் துடித்தார். அவருக்குக் கண் கழுவிவிட்டது இந்தக் கைதான். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று: “கிருமியக் கொல்றது உன் கண்ண மட்டும் விட்டுடுமா? அதுக்கு ஆளு தெரியாது.” ஊருக்குத்தான் உபதேசம்.

முதல் மூன்று மாசம் ஒரு தொந்தரவும் இல்லை. பெட்டி சரியாக மூடியிருந்தது, கதிர் வெளியே வரவில்லை. பிறகு விளக்கு போய்விட்டது. எங்கள் மருத்துவமனைக்கு விளக்கு கொண்டுவருகிறவரிடம் பழைய விளக்கைக் காட்டி, இதே அளவில் ஒன்று கொடுங்கள் என்று கேட்டேன். அளவை மட்டும்தான் கேட்டேன். எந்த வகை, குழாய் என்ன கண்ணாடி என்று கேட்கத் தோன்றவில்லை. அளவும் சரியில்லை, கொஞ்சம் நீளம். மாட்டினால் மூடி இரண்டு விரல் தூக்கிக்கொண்டு நின்றது. மூடி திறந்திருந்தால் விளக்கு எரியாது. உள்ளே இருக்கிற குட்டி சுவிட்ச் அதற்காகத்தான் இருக்கிறது. விரலால் அழுத்திப் பார்த்தேன், எரிந்தது. கைப்பையில் வார்டு பிளாஸ்திரிச் சுருள் இருந்தது. ஒரு துண்டு கிழித்து சுவிட்சை அழுத்தி ஒட்டினேன். நீ பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாய். “அவ்ளோதானாம்மா?” என்று கேட்டாய். “அவ்ளோதான்டா” என்றேன். நான் உனக்கு எத்தனையோ வேத வசனம் சொல்லிக் கொடுத்தேன், ஒன்றும் தங்கவில்லை. இது தங்கியிருக்கிறது பார்.

புது விளக்கு எரிய ஆரம்பித்ததும் வீட்டில் ஒரு வாசனை வந்தது. ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த மாதிரி சுருக்கென்று. தோல் நாற்றம் இருந்த இடம் தெரியவில்லை. “வாசன போச்சுல்ல, அப்ப காத்து சுத்தம்” என்றார் அப்பா. ஆம்பூர்க்காரர்களாகிய நமக்கு அந்த ஒரு அளவுகோல்தான் தெரியும். நாற்றமடித்தால் கெட்ட காற்று, அடிக்காவிட்டால் நல்ல காற்று. அந்தச் சுருக்கென்ற வாசனைதான் ஓசோன் என்கிற வாயு. குழாயின் கண்ணாடியைப் பொறுத்து சில விளக்குகள் அதை உண்டாக்கும், சிலது உண்டாக்காது. பழையது உண்டாக்கவில்லை, நான் வாங்கியது உண்டாக்கியது. அது வானத்தில் உயரே இருக்க வேண்டிய சமாச்சாரம். வீட்டுக்குள் இருந்தால் மூச்சுக்குழாய்க்கு எரிச்சல், இழுப்பு உள்ள பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம். உனக்கு இழுப்பு ஜாஸ்தி ஆனது. ஜாஸ்தி ஆக ஆக நாங்கள் ஜன்னலை இறுக்கிச் சாத்தினோம், பெட்டியை இன்னும் அதிக நேரம் ஓட்டினோம். நெருப்பை அணைக்கிறேன் என்று நெய் ஊற்றின கதை.

அந்த டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். நீ மூச்சுக்குத் திணறினாய். சளி பிடித்தால் வெந்நீர்ச் சட்டி முன்னால் உட்கார வைத்து, தலையில் துண்டைப் போட்டு ஆவி பிடிக்க வைப்போமே, அந்தப் புத்திதான் எனக்கு வந்தது. பெட்டியிலிருந்து வருவது மருந்துக் காற்று என்றால் அதைக் கிட்டத்தில் பிடித்தால் இன்னும் நல்லதுதானே என்று காற்றை மட்டும் நினைத்தேன், விளக்கை நினைக்கவில்லை. உன்னை அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார வைத்தேன். தூக்கி நின்ற மூடிக்கு நேராக உன் முகத்தை வைத்து, துண்டால் தலையையும் பெட்டியையும் சேர்த்து மூடினேன். “நல்லா இழுடா” என்றேன். “கண்ணு கூசுதும்மா” என்றாய். “கூசுனா கூசட்டும், இழு” என்றேன். நல்ல பிள்ளையாக இழுத்தாய். நான் சுவரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பத்து நிமிஷம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நீ கண்ணைப் பொத்திக்கொண்டு அலற ஆரம்பித்தாய். கண்ணுக்குள் மணல் இருக்கிறது, எடு, எடு என்றாய். விளக்கைப் போட்டால் அடிபட்டது போலச் சுருண்டாய். மூக்கும் நெற்றியும் சிவந்திருந்தது. நான் இமையைத் தூக்கிப் பார்த்தேன். பீளை இல்லை, இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி சிவப்பு. அந்த ஆயாம்மாவின் கண். அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஈரத்துணி வைத்தேன், அறையை இருட்டாக்கினேன், உன் பக்கத்தில் உட்கார்ந்து கர்த்தரிடம் பேரம் பேசினேன். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லை. போனால் எப்படி ஆனது என்று கேட்பார்கள். தியேட்டர் சிஸ்டர் தன் பிள்ளைக்கே செய்தது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிடும். உன் கண்ணைவிட என் பேர் எனக்குப் பெரிதாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். “பையன் ராத்திரி அப்டி அழுதானே, இன்னா ஆச்சு சிஸ்டர்?” என் வாயில் தயாராக வந்தது: “மெட்ராஸ் கண்ணு. டியூஷன்ல ஒட்டிக்கிச்சு போல.” நீ டியூஷன் போனது ஒரே இடம்தான், மூன்றாவது வீட்டுப் பர்வீன் டீச்சரிடம். புருஷன் இல்லாமல், டியூஷனை நம்பி இருந்தவர். உனக்குப் பின்னக் கணக்கைச் சப்பாத்தியைப் பிய்த்துப் பிய்த்துச் சொல்லிக் கொடுத்தவர். நர்ஸ் சொன்னால் ஊர் நம்பாதா? அந்த வாரமே பிள்ளைகள் வருவது நின்றுபோனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் நம் வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. “சிஸ்டர், எங்க வீட்டுக்கு வர்ற ஒரு புள்ளைக்கும் கண்ணு நோவு இல்ல. உங்க பையனுக்கு மட்டும்தான். நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும், எல்லாரும் திரும்ப அனுப்பிடுவாங்க” என்றார். “பாக்கலாம் டீச்சர்” என்றேன். அவர் என் தோளுக்கு மேலாக உன்னைப் பார்த்தார். உனக்குக் கண் தெளிந்திருந்தது; மூக்கில் தோல் உரிந்துகொண்டிருந்தது. “மூக்குல இன்னா அது?” என்று கேட்டார். “வெயிலு” என்றேன். டிசம்பர் மாசத்தில். அவர் திரும்பிப் போய்விட்டார். பள்ளிக்கூட வருஷம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு வாணியம்பாடிக்கு, அண்ணன் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, இரண்டும் எங்கே எங்கே இருந்தது என்று இப்போது உனக்குத் தெரியும்.

பெட்டியை அப்பா பிரித்துப் போட்டார். விளக்கைக் கொல்லையில் உடைத்துப் புதைத்தார். உள்ளே பாதரசம் இருக்கும், அதுவும் தப்பு. பெட்டி போன பிறகு, டாக்டர் கொடுத்த மருந்தை ஒழுங்காக இழுக்க வைத்ததும் நீ தேறினாய். பெட்டி எங்கே என்று கேட்டவர்களுக்கு, “அதோட வேலை முடிஞ்சிடுச்சு, புள்ள பொழச்சிட்டான்” என்று சொல்லி வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். உனக்கு எட்டாவதில் கண்ணாடி போட்டபோது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் அதைவிட எனக்கு உறைத்தது வேறு. காலேஜில் படிக்கும்போது விடுதி அறைத் தோழனைப் பற்றிப் பேசிக்கொண்டே, “அவங்க ஆளுங்ககிட்ட சுத்தம் கம்மிம்மா. பர்வீன் டீச்சர் வீட்லதானே எனக்கு கண்ணு நோவு வந்துச்சு” என்றாய். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். என் பொய் உனக்குள் போய் உட்கார்ந்து, உன் சொந்தப் புத்தி மாதிரி பேசியது. அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிறு உன் போனை வைத்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உனக்கு உண்மையைச் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறினேன். அரை மணி நேரப் பயணத்துக்குப் பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்டேன். டீச்சருக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே. டீ கொடுத்தார், நான் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “தெரியும் சிஸ்டர்” என்றார். “மெட்ராஸ் கண்ணு வந்தா மூக்குல தோலு உரியாது. புள்ளைக்கு நீங்க என்னமோ பண்ணிட்டீங்கன்னு அன்னைக்கே தெரியும்.” ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். “நர்ஸம்மா பேச்ச விட்டுட்டு என் பேச்ச யாரு கேப்பாங்க?” என்றார். நான் அழ ஆரம்பித்தேன். அவர் என்னைத் தேற்றவில்லை. “அழுவுறத அப்புறம் வச்சிக்கலாம். மொதல்ல புள்ளைக்கு போன் பண்ணுங்க, அந்த மெஷின் ஓடுதா இல்லையான்னு கேளுங்க” என்றார்.

நீ எடுக்கவில்லை. ஷீபா எடுத்தாள். “அவரு ஆபீஸ் போய்ட்டாரு அத்தை. பாப்பா ரூம்ல முழிச்சிட்டிருக்கா.” மெஷின் ஓடுகிறதா என்று கேட்டேன். “ஓடுதே. காலைல அவருதான் போட்டுட்டுப் போனாரு.” பாப்பாவை வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டு, மூடிப் பக்கம் பார்க்காமல் போய் பிளக்கைப் பிடுங்கு என்றேன். அவள் போய்வருகிற வரைக்கும் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். “எடுத்துட்டேன் அத்தை. ஏன் அத்தை?” என்றாள். டீச்சரின் முன்னால் வைத்தே அவளுக்குச் சொன்னேன். “கண்ணு லேசா செவந்துதான் இருக்கு அத்தை. சளின்னு நெனச்சேன்” என்றாள்.

உடனே கண் டாக்டரிடம் போகச் சொன்னேன். ஒன்றும் இல்லை என்று அவர் சொல்ல வேண்டும் என்று முழங்காலில் நிற்கிறேன். ஆனால் அவரிடம் விளக்கைப் பற்றி, டேப்பைப் பற்றி, எத்தனை நாள் என்பதைப் பற்றி ஒளிக்காமல் சொல்லுங்கள். நான் ஒளித்தது போதும். அந்த மெஷினை எடுத்து வை. நீயாக ரிப்பேர் பார்க்காதே. செய்த கம்பெனியின் ஆளைக் கூப்பிட்டு மூடியையும் சுவிட்சையும் மாற்றச் சொல், மாற்றினாலும் பாப்பா அறைக்கு அது வேண்டாம். நீலமாகத் தெரிகிற வெளிச்சம் அழகுதான். சுடுகிற கதிர் கண்ணுக்கே தெரியாது. எப்போதாவது விளக்கு மாற்ற வேண்டி வந்தால் நீளத்தைப் பார்த்து வாங்காதே, அந்த மெஷினுக்கென்று உள்ளதை, ஓசோன் வராத வகையா என்று கேட்டு வாங்கு. போன விளக்கைக் குப்பையில் உடைத்துப் போடாதே. சுருக்கென்று வாசனை வந்தால் காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைக்காதே, நீ ஆம்பூரில் பிறந்தவன், அந்தத் தப்பு உனக்குச் சுலபமாக வரும். மூடி திறந்தால் விளக்கு அணைய வேண்டும். யாரோ ஒருவன் முகம் தெரியாத நம் பிள்ளையை நினைத்து அந்தக் குட்டி சுவிட்சை வைத்திருக்கிறான். பெற்றவர்கள் நாம் அதன் வாயை அடைத்தோம், முதலில் நான், பிறகு நீ.

நான் கிளம்பும்போது டீச்சர் வாசல் வரைக்கும் வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். “ஒண்ணு கேக்கலாமா சிஸ்டர்?” என்றார். “அருளு இன்னும் எங்க வீட்ட அப்டித்தான் நெனச்சிட்டிருக்கானா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் “சரி” என்று மட்டும் சொன்னார். அவனுக்கு எழுதுகிறேன் என்றேன், எழுதிவிட்டேன். அவர் போன் நம்பரை ஷீபாவிடம் கொடுத்திருக்கிறேன். என் மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. ஆனால் என்னோடு பேசுவதற்கு முன்னால் அவரோடு பேசு.

உன் அம்மா